என் இரங்கல் கட்டுரைக்கு ஆதாரம் போதவில்லை

என் இரங்கல் கட்டுரையை நான் படித்தது செப்டம்பர் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு. காபி குடித்தாகிவிட்டது. உடம்பில் ஒரு குறையும் தெரியவில்லை.

கட்டுரை மோசம்.

நான் தேடிப் போனது பூதக்கண்ணாடியை. ஹல்பெரா அதை எடுத்தால் எடுத்த இடத்தில் வைக்க மாட்டாள். ஹல்பெரா என் மனைவி, நாற்பத்தாறு வருடமாக. அவளுடைய பின்னல் கூடையில் கையை விட்டேன். கம்பளி நூல், ஒற்றைக் காலுறை, பூதக்கண்ணாடி, அதற்கு அடியில் நாலாக மடித்த ஒரு தாள். அவள் கையெழுத்து. மேலே என் பெயர். கீழே முதல் வாக்கியம்: ‘இங்வார் வீட்டு வேலைகளில் எனக்குப் பெரிய உதவியாக இருந்தார்.’

இருந்தாராம்.

உட்கார்ந்தேன்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், சுருக்கமாக. ஐஸ்லாந்தின் வடக்கே, மலைக்கும் கடலுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் ஓர் ஊர் எங்களுடையது. அங்கே வரும் வாரப் பத்திரிகைக்கு முப்பத்துநாலு வருடம் ஆசிரியராக இருந்தேன். கப்பல் வரவு, வானிலை, ஆட்டுக்கிடா பரிசு எல்லாம் போடுவோம். யாரும் படிக்க மாட்டார்கள். எல்லாரும் படிப்பது இரங்கல் கட்டுரைகளை. எங்கள் நாட்டில் ஒருவர் செத்தால் மனைவி எழுதுவாள், மச்சான் எழுதுவான், கூட மீன் பிடித்தவன் எழுதுவான். அடக்கத்துக்கு முந்தின இதழில் வந்தாக வேண்டும். ஒரு ஆளுக்கு ஏழெட்டுக் கட்டுரைகூட வரும். ஊரே காபியும் கையுமாக உட்கார்ந்து வரி வரியாகப் படிக்கும்.

அவற்றைத் திருத்துவது என் வேலை. எழுத்துப் பிழையை நான் பெரிதாக நினைத்ததில்லை. எனக்கு ஆகாதது வேறு. ‘ஸ்வாவா பெருந்தன்மை மிக்கவர். அவர் தோட்டத்து ருபார்ப் செடி ஊரிலேயே உயரம்’ என்று எழுதுவார்கள். செடி உயரமாக வளர்ந்தால் செடிக்குப் பெருமை. ஸ்வாவாவின் பெருந்தன்மைக்கு அது எப்படி ஆதாரம்? பறித்து நாலு வீட்டுக்குக் கொடுத்தார் என்றால் அதை எழுது. ‘அவர் நேர்மையானவர். குளிர்காலத்திலும் கடலில் குளிப்பார்.’ திருடனும் குளிக்கலாம். வெட்டு. ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரே கேள்விதான் எழுதுவேன்: ‘இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?’ எழுதியது விதவை என்றாலும் அதேதான்.

ஊரில் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை. மீதிப் பாதிப் பேர் வீட்டில் இன்னும் யாரும் சாகவில்லை.

திருத்த வேண்டிய தாள்களை வீட்டுக்குக் கொண்டுவருவேன். சமையலறை மேஜையில் எதிரே உட்கார்ந்து பிழை பார்ப்பது ஹல்பெரா. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

தாளுக்கு வருகிறேன். அதில் என்னைப் பற்றி மூன்று கூற்று இருந்தது.

‘இங்வார் வீட்டு வேலைகளில் எனக்குப் பெரிய உதவியாக இருந்தார். அவர் கையெழுத்து அச்சுப் போல இருக்கும்.’

‘என் உறவினர்கள்மேல் உயிரையே வைத்திருந்தார். என் தங்கை டாக்ரூனின் நாய்க்கு அவரைப் பிடிக்கும்.’

‘சொன்ன சொல் தவறாதவர். கூரைக்கு வர்ணம் அடிப்பதாகப் பதின்மூன்று வருடத்துக்கு முன் சொன்னார். அவர் கண்கள் நீல நிறம்.’

ஒவ்வொன்றின் ஓரத்திலும் சிவப்புப் பென்சில். என் பென்சில், அவள் கை. ‘சம்பந்தம்?’ ‘சம்பந்தம்?’ ‘சம்பந்தம்?’

பரவாயில்லை, தொழில் கற்றிருக்கிறாள் என்று முதலில் தோன்றியது. பிறகுதான் விபரீதம் உறைத்தது. இப்போது பத்திரிகையில் என் நாற்காலியில் இருப்பது தெற்கிலிருந்து வந்த இளம்பெண். நல்ல பெண். வருவதையெல்லாம் அப்படியே போடுவாள். நான் போனதும் இதுவும் அப்படியே வரும். நான் வெட்டிய வாக்கியங்களின் சொந்தக்காரர்கள் எல்லாரும் படிப்பார்கள். இரண்டாவது கோப்பை காபி ஊற்றிக்கொண்டு படிப்பார்கள். டாக்ரூன் கத்தரித்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைப்பாள்.

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருந்தது. இப்போது ஏன் எழுதுகிறாள்?

யோசித்தேன். திங்கட்கிழமை சுகாதார நிலையத்திலிருந்து தொலைபேசி வந்தது. ஹல்பெரா அதை அடுத்த அறைக்கு எடுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். விருந்துக்கும் சாவுக்கும் போடுகிற என் கறுப்புக் கோட்டு சூட்டைச் சலவைக்குப் போட்டிருக்கிறாள், நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காட் மீனின் கன்னச் சதை முழுவதையும் என் தட்டில் வைத்தாள். நாற்பத்தாறு வருடத்தில் அப்படி வைத்ததே இல்லை. அதற்காக நாங்கள் முள்கரண்டியால் சண்டை போட்டிருக்கிறோம். அப்புறம், கொட்டகைச் சாவி எங்கே மாட்டியிருக்கிறது என்று கேட்டாள். நான் இருக்கும்போது அவளுக்கு எதற்குச் சாவி?

நாலு ஆதாரம். நாலும் ஒரே பக்கம் கை நீட்டின.

நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டால் கூடையில் ஏன் கை விட்டாய் என்பாள். அதைக்கூடச் சமாளித்துவிடலாம். கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டால்?

தாளை மடித்து, இருந்த இடத்தில் வைத்தேன். ஒரு முடிவுக்கு வந்தேன். சாவது என் கையில் இல்லை. ஆதாரமில்லாமல் சாக மாட்டேன்.

அன்று மதியமே ஏணியை எடுத்தேன். எங்கே என்று கேட்டாள்.

“கூரைக்கு. வர்ணம் உரிஞ்சிருக்கு.”

“பதிமூணு வருஷமா உரிஞ்சிருக்கு.”

“இப்பதான் கண்ணுல பட்டது.”

அவள் பின்னலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “விழுந்து வைக்காதே இங்வார். இப்ப வேண்டாம்.”

இப்ப வேண்டாமாம்.

கொட்டகையில் சிவப்பு வர்ணம் நாலு டப்பா, மூடி திறக்காமல் இருந்தது. எப்போது வாங்கினேன் என்று ஞாபகம் வரவில்லை. மூளையும் போய்க்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊர்க் கூரை எல்லாம் நெளிநெளித் தகரம். முதலில் துருவைச் சுரண்ட வேண்டும். முட்டி போட்டுச் சுரண்ட ஆரம்பித்தேன். சுரண்டும் சத்தத்துக்கு எதிரொலி கேட்டது. பார்த்தால் பக்கத்து வீட்டுக் கூரைமேல் லோப்தூர். ஓய்வு பெற்ற படகுத் தலைவன். கடலை விட்டு வந்த பிறகு நாற்காலியை விட்டு எழுந்து நான் பார்த்ததில்லை. அவனும் சுரண்டிக்கொண்டிருந்தான். மூஞ்சி சாம்பல் நிறத்தில் இருந்தது.

“வெயில் நல்லா இருக்கு,” என்றேன்.

“ம்.”

கொஞ்ச நேரம் சுரண்டினோம்.

“உடம்பு எப்படி இருக்கு?” என்று கேட்டான்.

நாற்பத்தொரு வருடம் பக்கத்து வீடு. ஒரு நாள் கேட்டதில்லை.

“ஏன் கேக்கற?”

“சும்மாதான்.”

“நல்லாத்தான் இருக்கு. உனக்கு?”

சுரண்டுகிற கை நின்றது. “ஏன்யா, எதாவது கேள்விப்பட்டியா?”

“இல்லையே.”

“சரி.”

லோப்தூருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியுமா என்று நூல் விட்டுப் பார்க்கிறான். ஐந்தாவது ஆதாரம். தகரத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கண்ணை மூடினேன்.

மூன்று நாளில் தெற்குப் பக்கம் முடிந்தது. தெருவிலிருந்து தெரிவது அந்தப் பக்கம்தான். வடக்குப் பக்கம் மலையைப் பார்த்திருக்கிறது. அங்கே காற்று ஆளைத் தூக்கும், பார்க்கவும் யாரும் இல்லை. ஆதாரத்துக்கு ஒரு பக்கம் போதும் என்று இறங்கிவிட்டேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பாத்திரத்தையும் நானே கழுவினேன். ஹல்பெரா வானொலி கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவள் கடைக்குப் போன நேரம் பார்த்துக் கூடையைத் திறந்தேன்.

தாளில் மாற்றம். நீலக் கண் வாக்கியத்தை அடித்திருந்தாள். அந்த இடத்தில்: ‘இந்த மாதம் கூரைக்கு வர்ணம் அடித்தார்.’ ஓரத்தில்: ‘சம்பந்தம் உண்டு. ஆனால் தெற்குப் பக்கம் மட்டும்.’ கையெழுத்து விஷயத்தையும் அடித்திருந்தாள். அங்கே: ‘ஒரு முறை பாத்திரம் கழுவினார்.’ ஓரத்தில்: ‘ஒரு முறை செய்ததை வைத்து எப்போதும் செய்தார் என்று எழுதலாமா?’

முடியாது. எழுத முடியாது. நானாக இருந்தாலும் வெட்டியிருப்பேன்.

அன்றிலிருந்து தினமும் பாத்திரம் கழுவினேன். ஜன்னல் துடைத்தேன். உருளைக்கிழங்கு தோண்டினேன். தினமும் அவள் வெளியே போகும் நேரத்துக்குக் காத்திருந்து கூடையைத் திறந்தேன். கட்டுரையைக் கொடுத்துவிட்டு என் மேஜைக்கு முன்னால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற ஆட்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். அவர்கள் கைகளில் தொப்பி ஏன் அப்படிச் சுற்றியது என்று இப்போது புரிந்தது.

புதன்கிழமை எங்கள் வீட்டில் தையல் கூட்டம். ஹல்பெராவும் அவள் தோழிகளும், மொத்தம் எட்டுப் பேர். மாதம் ஒருமுறை ஒவ்வொரு வீடாகக் கூடுவார்கள். ஊசியை யாரும் எடுத்து நான் பார்த்ததில்லை. கேக் வெட்டுகிற கத்தியைத்தான் எடுப்பார்கள். வழக்கமாக அன்று நான் நீச்சல் குளத்து வெந்நீர்த் தொட்டிக்கு ஓடிவிடுவேன். இந்த முறை இருந்தேன். காபி ஊற்றினேன். தட்டு எடுத்தேன். லோப்தூரின் மனைவி என் கையைத் தட்டிக்கொடுத்து, எவ்வளவு நல்ல மனுஷன் நீ என்றாள். ஒருத்தி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். தோள் குலுங்கியது.

அழுகிறாள். ஆறாவது ஆதாரம்.

அடுத்தது உறவினர் பாசம். அக்டோபர் பிறந்தது. ஆடு அறுக்கும் பருவம். ரத்தத்தையும் ரை தானிய மாவையும் கொழுப்பையும் கலந்து ஆட்டு இரைப்பையில் அடைத்துத் தைத்து வேகவைத்துக் குளிர்காலத்துக்கு எடுத்துவைப்போம். பெண்கள் செய்வார்கள், நான் தின்பேன். அதுதான் ஏற்பாடு. இந்த வருடம் ஹல்பெராவுக்கும் டாக்ரூனுக்கும் நடுவில் உட்கார்ந்து நானும் ஊசியை எடுத்தேன். ஆட்டு இரைப்பை வழுக்கும். அதைத் தைப்பதைவிட உயிருள்ள விலாங்கு மீனுக்குச் சட்டை தைக்கலாம். டாக்ரூன் இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சையை ஆரம்பத்திலிருந்து சொன்னாள். மயக்க மருந்து வருவதற்கே ஒரு மணி நேரம் ஆனது. நான் நடுநடுவே கேள்விகூடக் கேட்டேன். நாயின் பெயரைச் சொல்லி நாய் சௌக்கியமா என்று விசாரித்தேன்.

டாக்ரூன் அக்காவைப் பார்த்தாள். “இவனுக்கு என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகலையே,” என்றாள் ஹல்பெரா. “தைக்கிறான்.”

சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டாள். முகத்தை மறைக்கிறாள் என்று நினைத்தேன். மறைத்ததென்னவோ உண்மை.

மறுநாள் தாளில் புதிதாக ஒரு வரி இருந்தது.

‘தன் தவறை ஒப்புக்கொள்ளும் மனம் கொண்டவர்.’

அதன் கீழே வெள்ளை. நீலக் கண்கூட இல்லை. ஓரத்தில் சிவப்பில்: ‘கெஸ்தூர்?’

கெஸ்தூர் டாக்ரூனின் கணவன். இருபத்தாறு வருடத்துக்கு முன் இதயம் நின்று செத்தான். டாக்ரூன் கட்டுரை எழுதிக் கொண்டுவந்தாள். முதல் வாக்கியம், ‘என் கெஸ்தூர் நான் பார்த்ததிலேயே தைரியசாலி.’ இரண்டாவது வாக்கியம், ‘என் அம்மா உயிரோடு இருந்தவரை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அம்மா வீட்டில் அவர் காட் மீன் தலை சாப்பிட்டார்.’ எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மீன் தலைக்கும் தைரியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எழுதி, வெட்டினேன். முதல் வாக்கியம் மட்டும் அச்சானது. துணை இல்லாத கூற்று. அன்றிலிருந்து டாக்ரூன் எனக்குக் காபி ஊற்றுவாள், சர்க்கரைக் கிண்ணத்தை நகர்த்த மாட்டாள்.

இரண்டு நாள் யோசித்தேன். நான் வெட்டியது சரி. சரியான வெட்டுக்கு எதற்கு மன்னிப்பு? ஆனால் அந்த வெள்ளை இடம் கண்ணுக்குள்ளேயே நின்றது. அப்படியே அச்சில் வந்தால்? ‘தவறை ஒப்புக்கொள்ளும் மனம் கொண்டவர்’, அதன் கீழே ஒன்றும் இல்லை. ஊரே ஆமாம் போடும்.

மூன்றாம் நாள் துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் அவள் வீட்டுக்கு நடந்தேன். காற்று முகத்தில் அறைந்தது. இதயம் அடித்துக்கொண்டது, வியாதி ஆரம்பித்துவிட்டது என்று நினைத்து ஒருமுறை மீன் பெட்டிமேல் உட்கார்ந்து எழுந்தேன்.

டாக்ரூன் கதவைத் திறந்தாள். நாய் என் காலணியை முகர்ந்தது. உட்காராமலே சொன்னேன். கெஸ்தூர் கட்டுரை விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாக நடந்துகொண்டேன் என்றேன். கொஞ்சம் என்பதை அழுத்திச் சொன்னேன். அவள் காபி வைத்தாள்.

“அவருக்கு ஏழு வயசுல தொண்டையில மீன் முள்ளு மாட்டிக்கிச்சு,” என்றாள். “மூச்சு நின்னு போச்சு. படகுல போட்டு மருத்துவர்கிட்ட கொண்டுபோனாங்க. அதிலேர்ந்து மீன் தலையப் பாத்தாலே கை நடுங்கும். எங்கம்மாவுக்கு அது தெரியாது. மாப்பிள்ளைக்குன்னு ஆசையா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஆக்கி வைப்பா. இருபத்திரண்டு வருஷம் தின்னார் இங்வார். நல்லா இருக்கு அத்தைன்னுட்டே தின்னார். மேஜைக்கு அடியில என் கையைப் பிடிச்சுப்பார். வேர்த்துக் கொட்டும்.”

கோப்பையைக் கீழே வைத்தேன்.

“இதை எழுதியிருக்கலாமே,” என்றேன்.

“நீ கேள்வி எழுதின. பதில் சொல்றதுக்குள்ள வெட்டிட்ட.”

முப்பத்துநாலு வருடம் கேட்ட கேள்வி. ஒரு தடவையாவது பதிலுக்குக் காத்திருந்தேனா என்று யோசித்துப் பார்த்தேன். வியாழக்கிழமை அச்சு. காத்திருக்க நேரமில்லை.

“தப்பு என்னுது,” என்றேன். இந்த முறை கொஞ்சம் என்று சேர்க்கவில்லை. அவள் சர்க்கரைக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள். நான் சர்க்கரை போடுவதில்லை. அன்று இரண்டு கட்டி போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்குப் போகவில்லை. நேராகப் பத்திரிகை அலுவலகம் போய் அந்த இளம்பெண்ணின் மேஜைக்கு முன்னால் நின்றபடியே எழுதிக் கொடுத்தேன். ‘திருத்தம். இருபத்தாறு வருடத்துக்கு முன் வெளியான கெஸ்தூரின் இரங்கல் கட்டுரையிலிருந்து மீன் தலை பற்றிய வாக்கியத்தை அன்றைய ஆசிரியர் நீக்கினார். அவர் தைரியத்துக்கு அதைவிடப் பொருத்தமான ஆதாரம் கிடையாது. தவறு ஆசிரியருடையது. இங்வார்.’ கெஸ்தூரின் படமும் போடலாமா என்று அந்தப் பெண் கேட்டாள். போடு என்றேன். வரும் வழியில்தான் கவனித்தேன், அந்த அரை மணி நேரம் என் சாவு எனக்கு ஞாபகமே வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஞாபகம் வந்தது. கறுப்பு சூட் சலவையிலிருந்து வந்து முன்கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே நான் இல்லாமலே நிமிர்ந்து நின்றது.

மூன்று நாள் அதன் முன்னால் போகாமல் சமையலறைப் பக்கக் கதவால் புழங்கினேன். வியாழக்கிழமை பத்திரிகை வந்தது. ஹல்பெரா மூன்றாம் பக்கத்தை இரண்டு முறை படித்தாள். மடித்தாள். அதையும் பின்னல் கூடையையும் எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள். அப்போது தொலைபேசி அடித்தது. சுகாதார நிலையம்.

எடுத்தேன்.

செவிலி சாவகாசமாகப் பேசினாள். குளிர்காலத் தடுப்பூசி புதன்கிழமைக்கு மாறியிருக்கிறது, ஹல்பெராவிடம் சொல்லிவிடு, உன் பெயரும் பட்டியலில் இருக்கிறது என்றாள்.

“எனக்கு வேற ஒண்ணும் இல்லையா?”

தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. “இருக்கு.”

குறித்துக்கொள்ளச் சிவப்புப் பென்சிலை எடுத்தேன்.

“காது அடைப்பு. வானொலியை ரொம்பச் சத்தமா வெக்கிறியாம். ஹல்பெரா போன தடவை அடுத்த ரூமுக்குப் போய்த்தான் பேச வேண்டியிருந்தது. அதுக்கும் அன்னிக்கே நேரம் போட்டிருக்கேன்.”

தொலைபேசியை வைத்தேன். ஹல்பெரா முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து அடுப்பைப் பார்த்தாள்.

“ஹல்பெரா. நான் சாகப்போறேனா?”

“எல்லாரும்தான்.”

“இப்பவா?”

“மீன் வெந்துட்டிருக்கு. சாப்பிட்டுட்டுப் போ.”

சூட் எதற்கு என்று கேட்டேன். அடுத்த வாரம் டாக்ரூனுக்கு எழுபது வயது விருந்து, போன ஜூனில் அதன்மேல் நான் குழம்பைக் கொட்டியது மறந்துவிட்டதா என்றாள். மீன் கன்னத்தை ஏன் எனக்கு வைத்தாய்? அவளுக்குப் பல் வலியாம். கொட்டகைச் சாவி? வர்ண டப்பாவை வாங்கிக்கொண்டு வந்தாகிவிட்டது, மழையிலா வைப்பது என்றாள்.

ஒவ்வொன்றாக விழுந்தது. நாலுக்கும் என் சாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அடுத்தவர் கட்டுரையில் என்றால் நாலு நொடியில் வெட்டியிருப்பேன்.

“பூதக்கண்ணாடியை வேணும்னே கூடையில போட்டியா?”

“வேற எங்க போட்டாலும் நீ தேட மாட்டே. என்னைக் கூப்பிடுவே.”

“தையல் கூட்டத்துல அந்தம்மா அழுதாளே?”

“சிரிச்சா. எட்டுப் பேரும் எழுதினோம், எட்டுப் புருஷனுக்கும். யோசனை என்னுது.”

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். லோப்தூர் கொடியில் படுக்கை விரிப்புகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு கவ்வியையும் மாட்டிவிட்டு நெஞ்சில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டான்.

“அவன்கிட்ட சொல்லிடலாமா? பாவம், மூஞ்சி வெளுத்துப்போய்க் கிடக்கு.”

“படகுக் கொட்டகை இன்னும் பாக்கி இருக்காம். முடியட்டும்.”

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் ஒரு ஆறுதலும் இருந்தது. எப்படி வந்தால் என்ன, ஆதாரம் ஆதாரம்தான். கூரை சிவப்பாக இருக்கிறது. பாத்திரம் பளபளக்கிறது. டாக்ரூனின் இடுப்பெலும்பு எனக்கு மனப்பாடம். இனி எப்போது போனாலும் அச்சில் ஏறத் தகுந்த கட்டுரை தயார். தாளைக் கொடு என்று கையை நீட்டினேன். கடைசியாக ஒரு முறை ஆசிரியராகப் பார்க்க வேண்டும் என்றேன்.

கொடுத்தாள். எல்லாம் இருந்தது, தேதியோடு. தெற்குக் கூரை. பதினெட்டு நாள் பாத்திரம். ஜன்னல். உருளைக்கிழங்கு. ஏழு இரைப்பை, அதில் இரண்டு ஒழுகியது. எல்லாவற்றின்மேலும் நீளமாக ஒரு சிவப்புக் கோடு. ஓரத்தில் என் கேள்வி: ‘செத்துவிடுவோம் என்ற பயத்தில் செய்தது. பாசத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?’

ஒரே ஒரு வரிமேல் கோடு இல்லை. ‘தன் தவறை ஒப்புக்கொள்ளும் மனம் கொண்டவர்.’ கீழே, இன்றைய பத்திரிகையிலிருந்து கத்தரித்த திருத்தத்தை ஒட்டியிருந்தாள். பசை இன்னும் ஈரம்.

“இதை ஏன் விட்டே?”

“டாக்ரூன்கிட்ட போறதுக்குத்தான் நான் தூண்டில் போட்டேன். பத்திரிகையில போடச் சொல்லி நான் எங்கயும் எழுதல.” மீனைத் தட்டில் எடுத்து வைத்தாள். “அது நீயா செஞ்சது.”

“மத்ததெல்லாம்?”

“இப்ப நீ சாகலைன்னு உனக்குத் தெரியும். இனிமே செய்யறதைப் பாத்துட்டு எழுதறேன்.”

மறுக்க ஒரு வழி இருக்கிறதா என்று பார்த்தேன். பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தேன். வெட்டு சரியான வெட்டு.

மீனைத் தின்றேன், பாத்திரத்தைக் கழுவினேன், வடக்குப் பக்கத்துக்கு ஏணியை எடுத்தேன்.